நண்டு வரைந்த சுவர்

ஸ்டூடியோவில் எல்லோரும் அவளை டெய்லர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் மாடியில் ஆடைப் பிரிவு. அங்கே ஜன்னலோரத்து மிஷின் அவளுடையது. பதினாறு வருடமாக அதே நாற்காலி. மேலே போட்ட மெத்தை மட்டும் நான்கு முறை மாறியிருக்கிறது.

அன்று காலை, போலீஸ் அதிகாரியாக நடிப்பவரின் கோட்டுக்குத் தோள் சரிபார்க்க வேண்டும் என்று படப்பிடிப்புத் தளத்துக்கு வரச் சொன்னார்கள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, குண்டூசிப் பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். தளம் முழுவதையும் ஒரு தெருவாக மாற்றியிருந்தார்கள். பிளைவுட் கட்டடங்கள், அட்டைச் செங்கல், கடைசியில் ஒரு பாலத்தின் அடிப்பகுதி. பாலத்துச் சுவரில் ஆள் உயரத்துக்குச் சிவப்பாக ஒரு நண்டு இருந்தது. ஒரு கொடுக்கு பெரிது, ஒன்று சிறிது. கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்ட கோடு. சுற்றிக் கயிறு கட்டி, ‘ஈரம், தொடாதீர்கள்’ என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

“அக்கா... அக்கா, குத்துது!” என்றார் நடிகர்.

அவள் குண்டூசியைக் கோட்டுத் துணியைத் தாண்டி அவர் தோளிலேயே இறக்கியிருந்தாள்.

“மன்னிச்சுக்குங்க சார்” என்று ஊசியை எடுத்தாள். அந்த நண்டை அவள் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனால் பதினோரு வருடம் அது அவள் வீட்டில் பேச்சாக இருந்திருக்கிறது.

அவள் கணவர் ரயில் பணிமனையில் பெட்டி துடைக்கும் குழுவில் இருந்தவர். ரயில்வேக்கு நேரடி ஆள் இல்லை, காண்ட்ராக்டரின் ஆள். பெட்டிகளின் மேல் யாராவது ஸ்ப்ரே பெயிண்டால் கிறுக்கி வைத்தால், அடுத்த பயணத்துக்குள் அதைத் துடைத்துப் பெட்டியைப் புதுசாக்க வேண்டும். தின்னர் வாளி, கந்தல், தேய்க்கும் கட்டை, இதுதான் வேலை. பூ, பேர், கெட்ட வார்த்தை என்று எதை வேண்டுமானாலும் அவர் துடைத்துவிடுவார். நண்டு மட்டும் சுலபத்தில் போகாது. வரைந்தவன் அதில் என்ன கலந்திருந்தானோ, சாயம் தகரத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

“இன்னிக்கு எத்தனை நண்டு பிடிச்சீங்க?” என்று அவர் வீட்டுக்குள் வரும்போது அவள் கேட்பாள்.

“மூணு. அதுல ஒண்ணு ரொம்ப முரண்டு” என்பார். இருவரும் சிரிப்பார்கள். அப்புறம் அவர் விரல்களில் வெடித்த தோலுக்கு அவள் எண்ணெய் தடவிவிடுவாள்.

வேலைக்குச் சேர்ந்த எட்டாவது வருடம் அவருக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. பத்தாவது வருடம் படியே வேண்டாம் என்று தரைத்தள வீட்டுக்கு மாறினார்கள். பதினோராவது வருடம் டாக்டர், “தின்னர் புகை நுரையீரலை அரிச்சிடுச்சும்மா” என்றார். இப்போது அவர் ஜன்னலோரக் கட்டிலில் ஆக்சிஜன் சிலிண்டரோடு இருக்கிறார். மூக்குக் குழாயின் நீளத்துக்குத்தான் அவருடைய நடமாட்டம். சமையலறை வாசலுக்கு அது ஓரடி குறையும். வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, “உப்பு போட்டியா?” என்று கேட்பார்.

கோட்டு வேலை முடிந்ததும் அவள் நேராக ஆர்ட் டைரக்டரின் அறைக்குப் போனாள். அவர் அவளைவிட வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர்.

“அந்த நண்டை யாரு சார் போட்டது?”

“நண்டேதான்!” என்று சிரித்தார். “அவன் பேரே அதுதான்க்கா. ஒன்றரை வருஷம் உள்ள இருந்துட்டு வந்திருக்கான். ரயில் பெட்டியைக் கெடுத்த கேஸ். தொடரே சுவர்ல வரையறவங்களைப் பத்தினது. காலேஜ்ல படிச்ச பசங்களை வெச்சு வரைஞ்சா கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. இவன் கோட்டைப் பாருங்க, ஓடிக்கிட்டே போட்டது மாதிரி இருக்கும். போலீஸ் துரத்தினாத்தான் அப்படி ஒரு கோடு வரும்.”

“ஜெயிலுக்குப் போனவன்னு தெரிஞ்சேவா வேலைக்கு எடுத்தீங்க?”

“அதுக்காகவேதான்க்கா எடுத்தோம். விளம்பரத்துலயும் அதைத்தான் சொல்லப்போறோம். இதைப் பாருங்க.”

அவர் ஒரு ஆல்பத்தைத் திருப்பி வைத்தார். ரயில் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் நண்டு: சிவப்பு, நீலம், கறுப்பு. “இதெல்லாம் இப்ப எங்கயும் இல்ல, துடைச்சுட்டாங்க. கோர்ட்ல சாட்சியா வெச்ச போட்டோ. வக்கீல் மூலமா காப்பி வாங்கிட்டு வந்து காட்டினான். அதைப் பார்த்துத்தான் எடுத்தோம்.”

ஒவ்வொரு போட்டோவிலும் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. அளவு தெரிவதற்காக ஒரு மர ஸ்கேலைப் பெட்டியோடு சேர்த்துப் பிடித்திருந்தது. உறை போடாத கை. சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. நகங்களைச் சுற்றித் தோல் உரிந்து வெள்ளையாக இருந்தது.

துடைப்பதற்கு முன் போட்டோ எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது பணிமனையில் விதி. ஒருவர் ஸ்கேல் பிடிக்க, இன்னொருவர் எடுப்பார். அந்தக் கையைத்தான் அவள் தினமும் எண்ணெய் தடவி நீவியிருக்கிறாள்.

“இது எங்க வீட்டுக்காரர் கை” என்றாள்.

ஆர்ட் டைரக்டர் போட்டோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அப்படியா!” என்றார். விஷயத்தைச் சொன்னதும், “பாவம்தான்க்கா” என்றார். உண்மையாகத்தான் சொன்னார். பிறகு போன் மணி அடித்தது.

இரண்டு நாள் கழித்து நண்டே மாடிக்கு வந்தான். முப்பது வயசுக்குமேல் இருக்கும்; ஒல்லி; முன் தலையில் இப்போதே வழுக்கை. மேலங்கியில் பை கிழிந்திருந்தது. “இதைக் கொஞ்சம் தைச்சுக் குடுப்பீங்களாக்கா? பிரஷ் எல்லாம் நழுவி விழுது.”

அவள் வாங்கி மிஷினில் வைத்தாள். அவன் நின்றுகொண்டே பேசினான். வெளியே வந்த பிறகு ஏழு இடத்தில் வேலை கேட்டானாம். நன்னடத்தை அதிகாரியிடம் வாராவாரம் கையெழுத்துப் போட வேண்டும், வேலையில் இருப்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும், தொடர்ந்து மூன்று மாதம் வேலை இல்லாமல் இருந்தால் மீதித் தண்டனைக்குத் திரும்பவும் உள்ளே. “கடைசி வாரத்துலதான் இவங்க கூப்பிட்டாங்க. எங்கம்மா நம்பவே இல்ல. எதுக்காக அடி வாங்கினியோ அதுக்கே சம்பளமாடான்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“எனக்கே புரியலன்னு சொன்னேன்.”

அவள் நூலைக் கடித்து அறுத்தாள். “அதைத் துடைக்கிறவங்களைப் பத்தி நெனச்சதுண்டா தம்பி?”

அவன் பொய் சொல்ல நினைக்கவில்லை என்பது தெரிந்தது. “இல்லக்கா. மிஷின்ல விட்டுக் கழுவுவாங்கன்னு நெனச்சேன். மறுநாள் அந்தப் பெட்டி பளபளன்னு வரும். பார்த்தா எனக்குக் கோபம் வரும். இதை எப்படிடா போக்கினாங்கன்னு, அடுத்த தடவை இன்னும் கெட்டியா கலப்பேன்.”

மேலங்கியை அவனிடம் நீட்டினாள். “இந்தா” என்றாள். அவன் நன்றி சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனான். அப்படி அவன் இறங்கிய சத்தம்தான் அவளைக் கிளப்பிவிட்டது. வீட்டில் ஓரடிக் குழாய் பற்றாமல் ஒருவர் நிற்கிறார்.

அந்த வாரமே விளம்பரம் வந்தது. பத்திரிகையில் அரைப்பக்கம் நண்டு; கீழே, ‘சிறையிலிருந்து நேராக உங்கள் திரைக்கு’ என்று ஒரு வரி. உணவு இடைவேளையில் வெட்டும் மாஸ்டர் அதை மேஜைமேல் விரித்துவைத்துப் புலம்பினார். “என் தம்பி மகன் ஓவியக் கல்லூரியில அஞ்சு வருஷம் படிச்சான். இப்போ கடைக்குக் கடை போர்டு எழுதறான். அவன் ஒரு சுவரைக்கூடக் கெடுக்கல பாரு, அதான் அவன் பண்ணின தப்பு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் பத்திரிகை ஆபீஸின் நம்பரைக் குறித்துக்கொண்டாள்.

வந்த நிருபர் ஒரு பெண். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து பேசினார்கள். கணவருக்கு அவள் சொல்லவில்லை. ஆல்பத்தில் இருந்த அந்தக் கையைப் போனில் படமெடுத்து வந்திருந்தாள்; அதைக் கொடுத்தாள். நிருபர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டாள். கடைசியில், “உங்களுக்கு யாரு மேலம்மா கோபம்?” என்றாள்.

அவளுக்கு முதலில் நாக்கு நுனியில் வந்தது வேறு. தின்னர் புகைக்கு முகமூடி கேட்டுக் குழுவே மூன்று முறை காண்ட்ராக்டருக்கு எழுதிக் கொடுத்தது. அவர் ‘பார்க்கலாம்’ என்றது. நான்காவது முறை கேட்டவரை வேலையை விட்டு நிறுத்தியது. அதைச் சொல்ல வாயெடுத்தாள். திங்கள்கிழமைதோறும் சிலிண்டர் கொண்டுவரும் வண்டி ஞாபகம் வந்தது. அது காண்ட்ராக்டரின் வண்டி. அவர்மேல் எங்கேயும் எதுவும் சொல்லமாட்டோம் என்று எழுதிய தாளில் கணவர் போட்ட கையெழுத்தும் ஞாபகம் வந்தது.

“அந்த நண்டு மேலதான்” என்றாள்.

கட்டுரை ஞாயிற்றுக்கிழமை வந்தது. ‘குற்றத்துக்கு வேலை பரிசா?’ என்று தலைப்பு. ஸ்கேல் பிடித்த கையைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். மறுநாள் டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து கத்தினார்கள். “வீடு புகுந்து திருடினவனுக்கு நாளைக்குப் பூட்டுக்கடை வெச்சுக் குடுப்பீங்களா?” என்றார் ஒருவர். “தண்டனை முடிஞ்சு வந்தவனுக்கு வேலையும் கிடையாதுன்னா அவனை எங்கதான் போகச் சொல்றீங்க?” என்றார் இன்னொருவர். இரண்டும் அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. அந்த நான்கு பேரில் ஒருவரும் முகமூடி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால்தானே அவர்கள் சொல்வார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் பத்திரிகையைக் கொண்டுவந்து கணவர் மடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவள் வேலையிலிருந்து வந்தபோது அவர் அதன்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“என் கையை... யாரைக் கேட்டுக் குடுத்தே?”

“உங்களுக்காகத்தாங்க. அவன் அங்க ராஜா மாதிரி...”

“முகமூடி விஷயம் சொன்னியா?”

அவள் கைப்பையைக் கதவுக் கொக்கியில் மாட்டினாள்.

“சொல்லல.” அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். “சொல்ல முடியாது. எனக்கும் தெரியும். எட்டாதவன் மேல கைய வெக்க முடியாதுன்னு... எட்டினவன் மேல வெச்சுட்டே.”

அதற்குமேல் பேச அவருக்கு மூச்சு இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

புதன்கிழமை ஸ்டூடியோவில் நண்டை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ‘பொதுமக்களின் உணர்வுக்கு மதிப்பளித்து’ என்று அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டினார்கள். சுவரை மட்டும் அழிக்கவில்லை. அவன் மேலங்கியைத் திருப்பிக் கொடுக்க மாடிக்கு வந்தான். மடித்து, மேஜையின் ஓரத்தில் வைத்தான். தையல் அறையில் ஐந்து மிஷினும் நின்றுவிட்டன.

“கட்டுரையில எழுதியிருந்தது அக்கா வீட்டுக்காரரைப் பத்தியா?”

“ஆமா.”

“நான் வந்து அவரைப் பார்க்கலாமா?”

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். விலாசத்தை எழுதிக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை அவன் வந்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கட்டில் பக்கத்தில் தரையில் உட்காரப் போனான். “நாற்காலியில உக்காருப்பா” என்றார் கணவர். சிலிண்டரின் குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கணவர்தான் கேட்டார்.

“அதுல... என்ன கலந்தே?”

“ஷூவுக்குப் போடற சாயம் சார். ஸ்பிரிட்ல கரைச்சு.”

“அதானா!” என்றார். பதினோரு வருடமாகக் குடைந்துகொண்டிருந்த கேள்வி. அவர் முகத்தில் ஒரு கணம் வேலைக்காரரின் திருப்தி வந்துபோனதை அவள் பார்த்தாள். “நாங்க அமிலம்னு... நெனச்சோம்.”

“சார், உங்க போட்டோவாலதான் எனக்கு இந்த வேலையே கெடைச்சுது.”

“ஜெயிலுக்கும் அதாலதான் போனே.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “என்னை மன்னிச்...” என்று ஆரம்பித்தபோது கணவர் கையை உயர்த்தினார்.

“வேண்டாம். நீ கேட்டா நான் பதில் சொல்லணும். அதுக்கு மூச்சு... இல்ல.”

அவன் எழுந்து நின்றான். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சிலிண்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் டீ போடட்டுமா என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் அவள் ஆர்ட் டைரக்டரிடம் போய் நின்றாள். “நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கிறேன் சார். அவனை மறுபடி எடுத்துக்குங்க. வேலை இல்லேன்னா உள்ள போட்டுடுவாங்க.”

“திரும்ப வாங்கறதுக்கு இது என்ன துணியாக்கா?” அவர் கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். “இப்ப அவனை எடுத்தா மறுபடி ஒரு நியூஸ். காலேஜ் பசங்க ரெண்டு பேரைப் போட்டு அவன் கோட்டைப் பழக்கியாச்சு. பரவாயில்லாம வருது.”

“அவன் நண்டை இவங்க எப்படிப் போடலாம்?”

“ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கான். நண்டு இனி கம்பெனியோடது. சொல்லப்போனா, அவனே ஒரு தாள்ல போட்டு வித்தாலும் நாங்க கேள்வி கேக்கலாம்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “உங்களைக் குத்தம் சொல்லலக்கா. கட்டுரை வந்தப்புறம்தான் தொடரைப் பத்தி எல்லாரும் பேசறாங்க. மேலிடத்துல சந்தோஷமா இருக்காங்க.”

அவளே அவனுக்கு வேலை தேடினாள். ஒரு திரைச்சீலைக் கடை, ஒரு பெட்டி செய்யும் கம்பெனி, வெட்டும் மாஸ்டரின் தம்பி மகன் வேலைசெய்த போர்டு எழுதும் கடை. போர்டு கடைக்காரர் பாதிவரை ஒத்துக்கொண்டார், எந்தப் பையன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், “டிவியில வந்தவனா? வாசல்ல ஆள் வந்து நின்னு கத்துவாங்கம்மா” என்று கையை விரித்தார். டிவியில் வராமலிருந்தால் எடுத்திருப்பீர்களா என்று அவள் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, எடுத்திருப்பேன் என்றார்.

வேலை போய் மூன்று மாதம் முடிந்த வாரத்தில் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் எந்தச் சுவரையும் தொடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. வேலை இல்லை என்பதுதான் காரணம். மீதி பதினோரு மாதம்.

அவள் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிச் சிறைக்குப் போனாள். இரண்டு சட்டை தைத்து எடுத்துப் போயிருந்தாள். ஜன்னலில் இருந்த குமாஸ்தா படிவத்தைத் தள்ளினார். பெயர், விலாசம் எழுதினாள். ‘உறவு’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“என்னம்மா உறவு? சீக்கிரம், பின்னால ஆள் நிக்குது.”

‘அக்கா’ என்று எழுதினாள்.

மர பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு குழந்தை தன் அம்மாவின் கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. குமாஸ்தா பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். “அவருக்கு அக்கா யாரும் கிடையாதாம்மா. பார்க்க விருப்பமில்லைன்னு சொல்லிட்டாரு.” சட்டையையும் வாங்க முடியாது என்றார். விதி.

தொடர் வெளியாகி நன்றாக ஓடியது. இரண்டாம் பாகத்துக்கு நிறைய வேலை வந்து, அவள் மேஜையில் கைதி உடைகள் குவிந்தன. வீட்டில் கணவர் அவளோடு பேசாமல் இல்லை. மாத்திரை, தண்ணீர், ஜன்னலைச் சாத்து, அவ்வளவு பேசினார். வாசலுக்கு இந்தப் பக்கம் வந்து நின்று உப்பைப் பற்றிக் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார். மழை மாதத்தின் கடைசியில், ஒரு மத்தியானம், அவள் வேலையில் இருந்தபோது அவர் மூச்சு நின்றுபோனது.

மறுநாள் காண்ட்ராக்டரின் வண்டி வந்து மூன்று சிலிண்டரையும் எடுத்துக்கொண்டு போனது. டிரைவர் கையெழுத்து வாங்கிக்கொண்டான். வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் உள்ளே வந்து நிருபருக்குப் போன் செய்தாள். இனிமேல் பயப்பட ஒன்றும் இல்லை. முகமூடி கேட்டு எழுதியது, தேதிகள், வேலையை விட்டு நிறுத்தப்பட்டவரின் விவரம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

நிருபர் குறுக்கிடாமல் கேட்டாள். வருத்தம் சொன்னாள். பிறகு, “ஆனா இது பழைய விஷயமாயிடுச்சேம்மா” என்றாள். “அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா...”

“ஆமா” என்றாள் அவள். “அப்பவே சொல்லியிருக்கணும்.”

அன்று சாயங்காலம் அதையே நான்கு பக்கம் எழுதித் தொழிலாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். அத்தாட்சி ரசீதை மிஷின் டிராயரில் நூல் பாபின்களோடு வைத்திருக்கிறாள். ஏழு மாதம் ஆகிறது. பதில் வரவில்லை.